ஆய்வகத் தாளுக்கு முன் குழந்தையைப் பாருங்கள்: தருமபுரிப் பக்கம் பணிக்கு வரும் புதியவர்களுக்கு

பென்னாகரமோ பாலக்கோடோ அரூரோ, ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் பணி ஆணையோடு வந்து சேரும் இளம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இதை எழுதுகிறேன். கல்லூரியில் படித்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. படித்ததை எந்த வரிசையில் எடுத்துப் பயன்படுத்துவது என்பதுதான் முதல் மாதத்தில் எல்லோரையும் திணறடிக்கிறது. காலையில் புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். வந்தவர்களில் பலர் ஏதோ ஒரு தனியார் ஆய்வகத்தில் ஏற்கெனவே ரத்தம் கொடுத்துவிட்டு, மடித்த தாளோடு வருவார்கள். தாள் மேசைக்கு வந்துவிடும். குழந்தை இன்னும் தாயின் தோளில்தான் இருக்கும். கண் தாளுக்குப் போகும். அந்தப் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். ஒரு கேள்வியோடு போனால்தான் ஆய்வகம் பதில் சொல்லும். கேள்வி இல்லாமல் படித்தால், அதே தாள் இல்லாத நோயைக் காட்டும், இருக்கும் நோயை மறைக்கும்.

வாசலிலேயே தொடங்குங்கள்

குழந்தை உள்ளே வரும்போதே பார்க்கத் தொடங்கிவிட வேண்டும். சுற்றுமுற்றும் பார்க்கிறதா, ஸ்டெதஸ்கோப்பைக் கண்டதும் வீறிட்டு அழுகிறதா, பாட்டியின் வளையலைப் பிடித்து இழுக்கிறதா? ஊரைக் கூட்டும் அழுகைக்குப் பயப்பட வேண்டாம். யார் தொட்டாலும் ஒன்றுதான் என்று துவண்டு கிடக்கிற குழந்தைதான் வரிசையைத் தாண்டி முன்னால் வர வேண்டியது.

பாலோ தண்ணீரோ குடிக்கிறதா? குடித்ததை எல்லாம் வாந்தி எடுக்கிறதா? வலிப்பு வந்ததா? எழுப்பினால் எழுகிறதா? இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும், நோய்க்குப் பெயர் தேடுவது இரண்டாவது வேலையாகிவிடுகிறது. ஆக்சிஜன், நரம்பு வழி, 108 ஆகியவை முதலில். கைகால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நெஞ்செலும்பின் மேல் விரலை ஐந்து நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். மூன்று நொடிக்கு மேல் போனால் ரத்த ஓட்டம் தடுமாறுகிறது என்று பொருள். ரத்த அழுத்தம் சரியாகத்தானே இருக்கிறது என்று ஆறுதல் அடையாதீர்கள். குழந்தைகளுக்கு அது கடைசி நேரத்தில்தான் சரியும்.

துவண்ட குழந்தை எதுவானாலும், குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துவிடுங்கள். இரவெல்லாம் வாந்தி எடுத்த, மெலிந்த குழந்தைக்கு 54 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உடனே குளுக்கோஸ் வேண்டும். அதே சொட்டு எதிர்ப்பக்கத்தில் இருப்பதையும் காட்டிக்கொடுக்கும். நாக்கு வறண்டு, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்கி, வயிறு வலிக்கிறது என்று முனகுகிற ஏழு வயதுப் பிள்ளை. நெஞ்சில் சத்தம் ஏதுமில்லை. இவ்வளவு நீரிழப்பிலும் சிறுநீர் நிறையப் போகிறது. அது நிமோனியா இல்லை, முதல் முறையாக வெளிப்படும் சர்க்கரை நோய். எக்ஸ்ரேக்கு அனுப்பி அரை நாளை வீணாக்கும் இடம் இதுதான்.

இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குத் தனிச் சட்டம். காய்ச்சல் இருந்தாலும், உடம்பு சில்லென்று இருந்தாலும், நேற்று வரை நன்றாகக் குடித்த குழந்தை இன்று மார்பைப் பிடிக்காவிட்டாலும் கிருமி ரத்தத்தில் பரவியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் தவணை ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டு, தாயின் நெஞ்சோடு அணைத்தபடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வயது, நாள், இடம்

ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு மூன்று விவரங்களை உங்கள் குறிப்புத் தாளின் தலைப்பில் எழுதுங்கள்.

வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள். எட்டு மாதக் குழந்தைக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரே காய்ச்சல் வேறு வேறு நோய்.

காய்ச்சலின் நாளைத் தாயிடம் கேட்டால் ‘நேற்றிலிருந்து’ என்பார். கூட வந்திருக்கும் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், கேளுங்கள். ‘சந்தைக்குப் போன அன்று ராத்திரியே உடம்பு சுட்டதே’ என்பார். அது நான்காவது நாளாக இருக்கும். இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களில் பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, குழந்தைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். விவரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பேசுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பணி கிடைத்தால் தெலுங்கிலும் கன்னடத்திலும் காய்ச்சல், பேதி, இருமல், ‘எத்தனை நாள்’ என்று கேட்கவாவது கற்றுக்கொள்ளுங்கள்.

இடம் என்றால் ஊர்ப் பெயர் மட்டுமல்ல. வீட்டைச் சுற்றிப் புதரா, மலையடிவாரமா, ஆடு மாடு கட்டிய கொட்டகையா, தண்ணீர்த் தொட்டி திறந்து கிடக்கிறதா, வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, பெங்களூரிலிருந்து சமீபத்தில் யாராவது வந்தார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சித்தேரியிலிருந்தும் அஞ்செட்டி மலைக் கிராமங்களிலிருந்தும் வருபவர்களிடம் ‘நாளை வந்து காட்டுங்கள்’ என்று சொல்வது பல நேரம் வெறும் பேச்சு. திரும்பி வர முடியாத தூரம் என்றால் சேர்த்துக்கொள்ளும் முடிவைச் சீக்கிரமே எடுத்துவிட வேண்டும்.

மூச்சை எண்ணுவது

இதற்கு இணையான பரிசோதனை எந்த ஆய்வகத்திலும் இல்லை என்பது என் கருத்து. செலவு ஒரு நிமிடம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தைத்தான் யாரும் தருவதில்லை. பத்து நொடி பார்த்து ஆறால் பெருக்குகிறார்கள். குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது, நின்று நின்று ஓடும், பெருக்கினால் தவறும் பெருகும். தாயின் மடியில் குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தோடு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு.

மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா, ஆக்சிமீட்டர் 90-க்குக் கீழே காட்டுகிறதா என்று அடுத்து பாருங்கள். இருமல், காய்ச்சல், வேகமான மூச்சு மூன்றும் சேர்ந்தால் நிமோனியா என்று வைத்துச் சிகிச்சை தொடங்கலாம், படம் தேவையில்லை. இரண்டு வயதுக்குக் கீழே, மூக்கொழுகித் தொடங்கி, மூச்சை விடும்போது விசில் சத்தம் கேட்டால் பெரும்பாலும் வைரஸ் தரும் மூச்சுச் சிறுகுழல் அழற்சி. அதற்கு ஆன்டிபயாடிக் உதவாது. மூக்கைச் சுத்தம் செய்து, பால் குடிக்க வைத்து, தேவைப்பட்டால் ஆக்சிஜன் கொடுத்தால் போதும். திரும்பத் திரும்ப இழுப்பு வரும், வீட்டில் இன்னொருவருக்கும் உண்டு என்றால் ஆஸ்துமாவை நினையுங்கள். விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று ஒரே பக்கத்தில் மட்டும் சத்தம் குறைந்தால் வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும். அது கேட்டுத் தெரிந்துகொள்வது. பல நேரம் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது.

காய்ச்சல்: நாள்தான் சாவி

முதல் மூன்று நாள் காய்ச்சலில், குழந்தை விளையாடிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருந்தால், பெரும்பாலும் எந்த ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். பாராசிட்டமால் எடைக்கு ஏற்ப, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். எந்தப் புட்டி என்று கையில் வாங்கிப் பாருங்கள். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250 இருக்கும். ‘அரை மூடி கொடுத்தேன்’ என்று ஒரு தாய் சொன்னால் அது எதன் அரை மூடி என்பதில் பல மடங்கு வித்தியாசம் வரும்.

பெண் குழந்தை, இரண்டு வயதுக்குக் கீழே, சளி இல்லை, பேதி இல்லை, காய்ச்சல் மட்டும் 39 டிகிரி செல்சியஸில் நிற்கிறது என்றால் சிறுநீரைப் பாருங்கள். பையை ஒட்டிப் பிடித்த சிறுநீரில் சீழணு இல்லை என்றால் நம்பலாம். இருக்கிறது என்றால் நம்ப முடியாது, தோலின் கிருமியும் அதில் கலந்திருக்கும். கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) என்றால் சுத்தம் செய்துவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடிக்க வேண்டும் அல்லது குழாய் விட்டு எடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் முதல் தவணைக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நிலவரம் மாறும். டெங்குவும் உண்ணிக் காய்ச்சல் என்று நாளிதழ்கள் எழுதும் ஸ்க்ரப் டைபஸும் ஒரே சமயத்தில், ஒரே ஊரிலிருந்து வரும். இரண்டிலும் ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) குறையும், இரண்டிலும் ஈரல் நொதிகள் ஏறும். இதில்தான் நாள் கணக்கு கைகொடுக்கிறது.

டெங்குவில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்குத்தான் பயன்படும். உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் எழும். இரண்டாம் நாளில் ஐஜிஎம் கேட்டு ‘இல்லை’ என்று வந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. என்எஸ்1 ‘இல்லை’ என்றாலும் டெங்கு இல்லை என்று ஆகாது. வெள்ளை அணுக்கள் ஐயாயிரத்துக்குக் கீழே இறங்குவது தட்டணு இறங்குவதற்கு முன்பே தெரியும் குறிப்பு. ஊரே தட்டணுவை மட்டும் பார்த்துக் கலங்கும், நீங்கள் ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதப் பங்கான பி.சி.வி.யைப் பாருங்கள். தட்டணு 40 ஆயிரத்துக்கு இறங்கியும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. ரத்தத்தின் நீர்ப்பகுதி நாளத்துக்கு வெளியே கசியும் குழந்தைதான் அதிர்ச்சிக்கு (ரத்த ஓட்டம் தளரும் ‘ஷாக்’ நிலைக்கு) போகிறது, அதை பி.சி.வி. சொல்லும்.

ஆனால் பி.சி.வி.யும் நம் ஊரில் ஒரு வேலை காட்டும். நான்கு வயதுக் குழந்தை, பி.சி.வி. 40. ஆய்வகத் தாளில் அதற்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இருக்காது, இயல்பு அளவுக்குள்தானே இருக்கிறது. போன மாதம் அங்கன்வாடிப் பரிசோதனையில் அந்தக் குழந்தையின் ஹீமோகுளோபின் 10.6 என்று அட்டையில் எழுதியிருக்கும். அதை மூன்றால் பெருக்கினால் பழைய பி.சி.வி. ஏறத்தாழ 32. 32-லிருந்து 40 என்றால் 25 சதவீத ஏற்றம்; 20 சதவீதம் ஏறினாலே கசிவு என்று கொள்ள வேண்டும். ரத்த சோகை இவ்வளவு பரவலாக உள்ள இடத்தில், தனியாக நிற்கும் ஒரு பி.சி.வி. எண் எதையும் சொல்லாது. பழைய எண் இருந்தால் தேடுங்கள். இல்லை என்றால் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள்.

காய்ச்சல் விட்ட அன்று வீட்டார் நிம்மதியடைந்து, ‘சரியாகிவிட்டது, போகலாமா?’ என்று கேட்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, காய்ச்சல் இறங்கும் வேளையே ஆபத்தான வேளை. தொடர்ந்து வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை ஆகியவற்றைத் தாயிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தின் மேல், கீழ் எண்களுக்கு இடையே 20 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அதுவே அதிர்ச்சி. இபுப்ரொஃபேன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் கூடாது. நிலவேம்புக் கசாயம் குடித்துவிட்டு வந்தால் திட்டாதீர்கள். கசாயம் குடித்த தைரியத்தில் நாள் கடத்திவிட்டு வந்தார்களா என்பதை மட்டும் கேளுங்கள்.

ஸ்க்ரப் டைபஸுக்குத் தடயம் தோலில் இருக்கிறது. புதரில் வாழும் நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடித்த இடத்தில், நடுவே கருகிய பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக ஒரு வட்டம். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. குழந்தை அதைப் பற்றிப் புகார் செய்யாது, தாய்க்கும் தெரிந்திருக்காது. ஆடையை முழுவதும் கழற்றுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, காதின் பின்புறம், தொப்புள் சுற்று, விதைப்பை, தலைமுடிக்குள் என எல்லா இடமும் பாருங்கள். அரைஞாண் கயிற்றை நகர்த்தி அடியில் பாருங்கள். ஆடை இறுகும் இடத்தில்தான் அது கடிக்கும், குழந்தையின் உடலில் எப்போதும் இறுகிக் கிடப்பது அந்தக் கயிறுதான். கயிற்றை ஒரு விரல் அகலம் மேலே தள்ளிய நொடியில், நான்கு நாளாகத் தேடிய விடை கிடைத்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். பொருக்கு இல்லாமலும் வரும். ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல், கல்லீரலும் மண்ணீரலும் தட்டுப்படுகின்றன, முகமும் கண்ணிமையும் சற்று உப்பியிருக்கின்றன, தட்டணு குறைவு, ஆனால் வெள்ளை அணு டெங்குவில் போலக் குறையவில்லை என்றால் சந்தேகம் போதும். ஐஜிஎம் எலிசா முதல் வாரத்தில் ‘இல்லை’ என்று வரலாம். இதற்கான ஆன்டிபயாடிக் டாக்சிசைக்ளினை முடிவு வரும் வரை நிறுத்தி வைக்க வேண்டாம். எட்டு வயதுக்குக் கீழே கொடுத்தால் பல் கறையாகுமே என்ற பழைய பயம் குறுகிய காலச் சிகிச்சைக்குப் பொருந்தாது. சரியான நோய்க்குப் போய்ச் சேர்ந்திருந்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்கவில்லை என்றால் உங்கள் முடிவை மறுபடி யோசியுங்கள்.

டைபாய்டு பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வைடால் (டைபாய்டு எதிர்ப்பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனை) தாளைப் பார்த்து டைபாய்டு என்று எழுதாதீர்கள். டைபாய்டு நிலவும் ஊர்களில் நலமாக இருப்பவர்களிடமும் 1:80 காணப்படும். முதல் வாரத்தில் உண்மையான டைபாய்டிலும் அது எழுந்திருக்காது. இரண்டாம் நாள் காய்ச்சலில் வைடால் ‘உண்டு’ என்று வரும் தாள்கள் இந்தப் பகுதியில் கணக்கில்லாமல் சுற்றுகின்றன, அதை நம்பிப் போட்ட ஊசிகளும் அப்படியே. படிப்படியாக ஏறி ஐந்து நாளுக்கு மேல் நிற்கும் காய்ச்சல், வெண்படலம் படிந்த நாக்கு, பசியின்மை, ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு சுத்தமாகப் பூஜ்யம் எல்லாம் சேர்ந்தால் நினையுங்கள். ரத்தக் கல்ச்சரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுங்கள்.

ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலோடு சீழ் இல்லாமல் சிவந்த கண்கள், வெடித்த சிவந்த உதடு, கழுத்தில் நெறிக்கட்டி, தோலில் தடிப்பு என்று வந்தால் காவசாகி நோய் என்ற பெயரை நினைவில் வையுங்கள். இதயத் தமனியைத் தாக்கும் நோய் அது. எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். விரல் நுனி உரிவதும் தட்டணு ஏறுவதும் இரண்டாம் வாரத்தில்தான், அதுவரை காத்திருக்கக் கூடாது.

தாளில் உள்ள இயல்பு அளவு யாருக்கானது?

பெரும்பாலான தாள்களில் வலப்பக்கம் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவு பெரியவர்களுக்கானது. இதை மறந்தால் இரண்டு வகையில் சறுக்குவீர்கள்.

ஒன்று, இயல்பை நோய் என்பது. இரண்டு வயதுக் குழந்தைக்கு லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணு 60 சதவீதம் என்றால் ஆய்வகம் தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்று அடிக்கும். நான்கைந்து வயது வரை குழந்தைகளுக்கு அதுதான் இயல்பு. வளரும் பிள்ளைகளின் அல்கலைன் பாஸ்ஃபடேஸ் பெரியவர்களைவிடப் பல மடங்கு இருக்கும். அது எலும்பு வளர்வதால், ஈரல் கெட்டதால் அல்ல. பிறந்த முதல் நாள் வெள்ளை அணு 20 ஆயிரத்தைத் தாண்டினால் மட்டும் பதற வேண்டாம்.

இன்னொன்று, நோயை இயல்பு என்பது. இது மோசம். இரண்டு வயதுக் குழந்தையின் கிரியாட்டினின் 0.9, தாள் ‘இயல்பு’ என்கிறது. அந்த வயதில் 0.3, 0.4 இருக்க வேண்டியது. அதாவது சிறுநீரகத்தின் வேலை பாதிக்குக் கீழே போய்விட்டது. பேதி முடிந்தும் சிறுநீர் குறைவாகப் போகும் குழந்தையிடம் இப்படி ஓர் எண்ணைக் கண்டால் அன்றே அனுப்புங்கள்.

உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்றால் ஒன்றுமில்லை. டெசிலிட்டருக்கு 6 என்றால் அது லிட்டருக்கு 60. காய்ச்சல் தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரிய கிருமித் தொற்றிலும் ஏறியிருக்காது. ரத்தம் எடுத்த விதமும் எண்ணை மாற்றும். குதிகாலைப் பிழிந்து பிழிந்து எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும். குழாயில் உறைந்தால் தட்டணு பொய்யாக இறங்கும். குழந்தை நன்றாக இருக்கிறது, தட்டணு மட்டும் 18 ஆயிரம் என்றால், பதறுவதற்கு முன் கண்ணாடித் தகட்டில் ஒரு பூச்சு பார்க்கச் சொல்லுங்கள்.

வெளுத்த குழந்தை

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே என்பதை ரத்த சோகை என்கிறோம். இரண்டு வயது வரை 10.5 என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் திருத்தியிருக்கிறது. பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான். களியும் கேழ்வரகுக் கூழும் நல்ல உணவு, ஆனால் கூடவே டீயைக் குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சேராது. ஒரு வயதுக் குழந்தைக்கு நாளெல்லாம் பசும்பால் மட்டும் கொடுக்கும் வீடுகளையும் கவனியுங்கள். மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி தின்கிறதா என்று கேட்டால் தாய் சிரித்தபடி ஒப்புக்கொள்வார்.

நிறுத்தி யோசிக்க வேண்டியது, இரும்பு மருந்து ஒரு மாதம் ஒழுங்காகக் கொடுத்தும் ஒரு கிராம்கூட ஏறாத குழந்தை. சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்துப் பாருங்கள். 65-ஐ 4-ஆல் வகுத்தால் 16. 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைவு. 60-ஐ 5.5-ஆல் வகுத்தால் 11-க்குக் கீழே. அது பரம்பரை ரத்த சோகையான தலசீமியா மரபின் பக்கம் கைகாட்டுகிறது. இது சந்தேகத்துக்கான கணக்கு மட்டுமே, உறுதி செய்ய ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை வேண்டும். மாமன் மகள், அக்காள் மகள் திருமணம் சகஜமான ஊர் இது. பெற்றோர் சொந்தமா என்று கூச்சமில்லாமல் கேளுங்கள், கோபப்பட மாட்டார்கள்.

வெளுப்போடு காய்ச்சல், தோலில் நீலப் புள்ளிகள், ராத்திரியில் கால் எலும்பு வலிக்கிறது என்று அழுகை. ஹீமோகுளோபின், தட்டணு இரண்டும் குறைவு என்றால் ரத்தப் புற்றுநோயை நினைக்க வேண்டும். அந்தக் குழந்தைக்குத் தயவுசெய்து ஸ்டீராய்டு கொடுத்துவிடாதீர்கள். இரண்டு தவணை போதும், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் தடயம் கலைந்துவிடும்.

வயிறும் நீரும்

பேதியில் ஆய்வகத்துக்கு வேலை மிகக் குறைவு. கண் குழி விழுந்திருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு நொடிக்கு மேல் மடிப்பாக நிற்கிறதா, தண்ணீரைக் காட்டினால் ஆவலாகப் பாய்ந்து குடிக்கிறதா அல்லது குடிக்கவே முடியவில்லையா என்று பார்த்தால் போதும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தம்ளரில் கலக்கும் பழக்கம் ஆபத்தானது, உப்பு கூடிவிடும். துத்தநாகம் 14 நாள், ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம். பேதி நின்றதும் தாய் நிறுத்திவிடுவார், முன்கூட்டியே சொல்லுங்கள்.

மலத்தில் ரத்தம் என்றால் சீதபேதி என்று எழுதக் கை ஓடும். எட்டு மாதக் குழந்தை பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை காலை மடக்கி வீறிட்டு, நடுவில் வெளுத்துத் துவண்டு, பிறகு ரத்தமும் சளியுமாகப் போனால் அது குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட நிலை. அன்றே ஸ்கேன், அன்றே அறுவை மருத்துவர்.

காலையில் முகம் வீங்கி, மாலையில் கால் வீங்கினால் சிறுநீரைக் காய்ச்சிப் பாருங்கள் அல்லது சோதனைப் பட்டையை அதில் நனைத்துப் பாருங்கள். புரதம் மூன்று கூட்டலோ (3+) அதற்கு மேலோ, ரத்த அல்புமின் 3 கிராமுக்குக் கீழே என்றால் நெஃப்ரோடிக் (சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரக நோய்). சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில், அளவு குறைந்து, சில வாரத்துக்கு முன் சிரங்கோ தொண்டை வலியோ இருந்தது என்றால் சிறுநீரக அழற்சி. அதில் ரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் விட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடும். குழந்தைக்கு ஏற்ற அளவுக் கைப்பட்டை உங்கள் நிலையத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பிறந்த குழந்தையின் மஞ்சள் பற்றிச் சுருக்கமாக: பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் ஓடினாலோ அன்றே மருத்துவமனை. வெயிலில் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்புவது சிகிச்சை அல்ல. இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நின்றால் ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிருபினின் நேரடி வகையைத் தனியாகக் கேளுங்கள், மலத்தின் நிறத்தை நீங்களே பாருங்கள். சுண்ணாம்பு நிறத்தில் இருந்தால் பித்தநாள அடைப்பு. அதற்கான அறுவை 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன்.

இந்த மண்ணுக்கே உரிய சில

தக்காளியும் மாவும் விளையும் ஊர்களில் பூச்சி மருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும். திடீரென்று இழுப்பு, வாயில் எச்சில் வழிகிறது, பேதி, வியர்வை. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் அது ஆஸ்துமா அல்ல, நஞ்சு. சட்டையைக் கழற்றி உடம்பைக் கழுவிவிட்டு முறிவு மருந்தான அட்ரோபினை எடுங்கள்.

தரையில் படுத்துத் தூங்கிய பிள்ளை விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்து, சற்று நேரத்தில் இமை தொங்கி, விழுங்கத் திணறினால் கட்டுவிரியன் கடி. கடித்த தடம் பல நேரம் தெரியாது. உறைதல் பரிசோதனையில் ரத்தம் சரியாகவே உறையும். அதை வைத்துக் கடி இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

பல்லில் பழுப்புக் கோடுகளோடு வரும் பிள்ளையிடம் ‘ஒழுங்காகப் பல் துலக்கு’ என்று சொல்லாதீர்கள். நிலத்தடி நீரின் ஃபுளோரைடு அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. வீட்டில் குடிப்பது குழாய் நீரா, ஆழ்துளைக் கிணற்று நீரா என்று கேளுங்கள். முழங்கால் முட்டுகிற பிள்ளை என்றால் ரிக்கட்ஸ்தானா (எலும்பு மென்மையாகும் நோய்), ஃபுளோரைடா, இரண்டுமா என்று பிரிக்க கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்ஃபடேஸ், மணிக்கட்டு எக்ஸ்ரே நான்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை ஏறவில்லை, பெங்களூரிலிருந்து திரும்பிய தந்தைக்கும் இருமல் என்றால் காசநோயை நினையுங்கள். காசநோய்க்கான தோல் ஊசிப் பரிசோதனையான மாண்டூவை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் விரலால் தடவிப் படியுங்கள். சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பை மட்டும் அளக்க வேண்டும், 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் ‘உண்டு’. மலையிலிருந்து வந்தவர்களை மூன்றாம் நாள் எப்படி வரவழைப்பது என்று ஊசி போடும் முன்பே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசிவிடுங்கள்.

அனுப்பும்போது

தருமபுரி மருத்துவக் கல்லூரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ அனுப்பும் கடிதத்தில் ‘மேல் சிகிச்சைக்காக’ என்று ஒரு வரி எழுதி முடிக்காதீர்கள். எடை, காய்ச்சலின் எத்தனையாவது நாள், கடைசியாகச் சிறுநீர் போன நேரம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிமீட்டர் எண், கொடுத்த மருந்தும் அளவும் மணியும், ஏற்றிய குளுக்கோஸ் அல்லது சலைன் எத்தனை மில்லி என்று எழுதுங்கள். பி.சி.வி. எடுத்திருந்தால் எண்ணோடு நேரத்தையும் போடுங்கள். பழைய அங்கன்வாடி அட்டையையும் தனியார் ஆய்வகத் தாள்களையும் கடிதத்தோடு பின் போட்டு இணைத்து, குழந்தையோடு போகும் பெரியவரின் கையில் கொடுங்கள். பிறகு அங்கே பணியில் இருக்கும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, குழந்தை கிளம்பிவிட்டது, இன்ன சந்தேகம், இத்தனை மணிக்கு வரும் என்று சொல்லுங்கள். மறுநாள் காலை மறுபடி அழைத்து, கடைசியில் என்ன நோய் என்று கேட்டு உங்கள் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயருக்கு எதிரே எழுதிவையுங்கள்.